சிரித்தபடிதான் போக வேண்டும் என்று சட்டம் இல்லை

வாசகர் கேள்வி, அக்கா பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் கனக்க வேலை போன கதைதான். எல்லாவற்றையும் போட இடமில்லை, நாலை எடுத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள், அதனால் ஊர் மட்டும்.

கேள்வி: அக்கா வணக்கம். எனக்கு வயது 33. கொழும்பில் தலைமையகம் உள்ள ஒரு மென்பொருள் கொம்பனியின் யாழ்ப்பாணக் கிளையில் ஏழு வருஷம் முடித்துவிட்டேன். போன மாதம் எங்களில் 18 பேரைக் கூப்பிட்டு, வெளிநாட்டு வாடிக்கையாளர் விலகிவிட்டார், இந்த மாதக் கடைசியோடு உங்களுக்கு வேலை இல்லை என்று சொன்னார்கள். மூன்று மாதச் சம்பளமும் பணிக்கொடையும் தருவார்களாம், ஒரு கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டுமாம். கடைசி வெள்ளிக்கிழமை ஹோட்டலில் மத்தியானச் சாப்பாடு, குறூப் போட்டோ. அக்கா, எனக்கு அது உண்மையிலேயே நல்ல வேலை. அம்மாவுக்கு ஒப்பரேஷன் நடந்தபோது ஒரு மாதம் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டார்கள், மனேஜர் தங்கமான மனுசன். அதனால் திட்டவும் மனம் வரவில்லை, சிரித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கவும் மனம் வரவில்லை. எல்லாருக்கும் ஒரு கடிதம் எழுதிவிட்டுப் போகவா, சொல்லாமல் போய்விடவா? அம்மா, ஊருக்கு ஒன்றும் சொல்லாதே என்கிறா. (கொக்குவில் வாசகி)

பதில்: தங்கச்சி, நீர் விடைபெறுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர், நான் முதலில் அந்தக் கையெழுத்தைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். கோபிக்காதேயும். விடைபெறும் உருக்கத்தில்தான் கனபேர் கையெழுத்து வைக்கிறார்கள். சாப்பாடு, கேக், இரண்டு பேர் அழுகை, அதற்கு நடுவில் ஒரு பைல் வரும். நிர்வாகப் பிரிவில் காலம் தள்ளினவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பைல் அந்த நேரத்தில் வருவது தற்செயல் இல்லை.

எங்கள் நாட்டில் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, தொழில் முடிவுறுத்தல் சட்டம் என்று சுருக்கமாகச் சொல்லுவார்கள். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை, அவர் ஒரு குற்றமும் செய்யாதபோது நிறுத்துவதானால் இரண்டில் ஒன்று கையில் இருக்க வேண்டும். ஒன்று அவர் எழுத்தில் கொடுக்கிற சம்மதம், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகம் எழுத்தில் கொடுக்கிற அனுமதி. உம்மிடம் நீட்டப்போகிற கடிதம் பெரும்பாலும் அந்த முதலாவதுதான். நீர் கையெழுத்து வைத்த நிமிஷம் அது உம்முடைய சம்மதம் ஆகிவிடும், ஆணையாளரிடம் போகவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லாமல் போகும்.

அது ஏன் முக்கியம் என்றால், ஆணையாளர் வழியாகப் போனால் நட்டஈட்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. முதல் 5 வருஷத்துக்கு வருஷத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், 6 முதல் 14 வருஷம் வரைக்கும் வருஷத்துக்கு 2 மாதம். பிறகு படிப்படியாகக் குறையும், அது உமக்குத் தேவையில்லை. ஏழு வருஷம் என்றால் பன்னிரண்டரையும் நாலும், பதினாறரை மாதச் சம்பளம். மொத்தத்துக்கு 25 இலட்சம் என்று ஒரு உச்சவரம்பும் உண்டு. அவர்கள் தருகிறோம் என்று சொன்னது மூன்று. பணிக்கொடையை அந்த மூன்றோடு சேர்த்துச் சொன்னதால் பெரிதாகத் தெரிகிறது, ஆனால் அது அவர்கள் இரங்கித் தருகிற காசு இல்லை. 1983இன் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத இடத்தில் 5 வருஷம் முடித்தவருக்கு, வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம், வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுத்தே ஆகவேண்டும். நீராக விலகினாலும் அது உம்முடைய காசு.

நான் கையெழுத்து வைக்காதே என்று சொல்லவில்லை. முறைப்பாடு, விசாரணை என்று இழுபட்டால் மாதக்கணக்கு, சில வேளை வருஷக்கணக்கு. ஒருவர் ஆறேழு மாதச் சம்பளத்தைப் பேசி வாங்கிக்கொண்டு நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்ப்பதும் புத்திதான். ஆனால் பேசித்தான் வாங்க வேண்டும், நீட்டிய இடத்தில் நீட்டியதை வாங்கக்கூடாது. "வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்லும். ஒருவரும் அடிக்கமாட்டார்கள். கடிதம் ஆங்கிலத்தில்தான் இருக்கும், சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டும், தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கும் ஒரு நடை போய்க் கேளும். 18 பேரும் சேர்ந்து போனால் இன்னும் நல்லது, தனித்தனியாகக் கூப்பிட்டுக் கதைப்பதன் நோக்கமே நீங்கள் சேரக்கூடாது என்பதுதான். முறையிடுவதானால் வேலை முடிந்து 6 மாதத்துக்குள் முறையிட வேண்டும், அதைக் கலண்டரில் குறித்து வையும். கடிதத்தில் "சுய விருப்பில் விலகுகிறேன்" என்று ஒரு வரி இருந்தால் அதை மாற்றச் சொல்லும். சேவைச் சான்றிதழிலும் ஆட்குறைப்பு என்றே எழுதி வாங்கும், நாளைக்கு இன்னொரு இடத்தில் நேர்முகத்துக்குப் போய் இருக்கும்போது அந்த ஒரு சொல் கன விளக்கத்தை மிச்சப்படுத்தும்.

ஈ.பி.எவ். என்கிற ஊழியர் சேமலாப நிதியை ஒழுங்காகக் கட்டினார்களா என்று பாரும், உம்முடைய 8 வீதமும் அவர்களுடைய 12 வீதமும். கலியாணத்தைக் காட்டிப் பெண்கள் எடுக்கலாம் என்று யாராவது வந்து சொல்லுவார்கள். வழி இருக்கிறது, ஆனால் வேறு கதி இருக்கும் மட்டும் தொடாதேயும். ஈ.ரி.எவ். என்கிற ஊழியர் நம்பிக்கை நிதி வேறு, அது கொம்பனி போட்ட 3 வீதம், வேலை விட்டால் வயது பாராமல் எடுக்கலாம், ஒருக்கால் எடுத்தால் அடுத்த தடவைக்கு 5 வருஷம் காத்திருக்க வேண்டும். வேலை இழந்தவருக்கு மாதாமாதம் உதவிப்பணம் தருகிற காப்புறுதி எதுவும் எங்கள் நாட்டில் இல்லாத படியால் இந்தச் சில்லறைக் கணக்குகள்தான் உம்முடைய பாதுகாப்பு. ஸ்கூட்டி லீசிங்கில் இருந்தால், தவணை தவறுவதற்கு முன்னமே போய்க் கதையும். சீட்டுப் பிடிக்கிறவவுக்கும் சொல்லும்.

சரி, இப்போது நீர் கேட்டதற்கு வருவோம்.

இவ்வளவு நல்லவர்களிடம் போய்க் கணக்குக் கேட்பதா என்று உமக்கு ஒரு கூச்சம் வரும். கடிதம் முழுக்க அந்தக் கூச்சம் தெரிகிறது. அம்மாவின் ஒப்பரேஷன் நேரம் ஒரு மாதம் விட்டது மனேஜர், அவருக்குப் போய் முகம் பார்த்து நன்றி சொல்லும். பதினாறரை மாதமா மூன்று மாதமா என்பது கொம்பனியின் கணக்குப் பிரிவோடு பேச வேண்டியது. அங்கே கேட்பதால் இங்கே சொன்ன நன்றி பொய்யாகிவிடாது. மனேஜர் தங்கமானவர் என்றால் அவரே உள்ளுக்குள் "கேளுங்கள் பிள்ளையள்" என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார், அடுத்த பட்டியலில் அவர் பெயர் இருக்காது என்று அவருக்கும் நிச்சயம் இல்லை.

உம்மைச் சுற்றி இருக்கிற சனம் இப்போது ஒரு வேலை செய்யும். அந்த வேலையை ஒரு கூடாத வேலையாக ஆக்கிக் காட்டும். "உவங்கள் உன்னைப் பிழிஞ்சவங்கள்தானே", "இரவிரவா மீற்றிங் வைச்சவங்கள்", "எல்லாம் நல்லதுக்குத்தான்". ஆறுதலுக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் நீர் அதற்குத் தலையாட்ட வேண்டியதில்லை. நல்ல வேலை போய்விட்டது, அதுதான் நடந்தது. கூடாத வேலை போனால் இரண்டு நாள் நித்திரை கொண்டு எழும்பலாம், நல்ல வேலை போனால் கொஞ்சக் காலம் மனம் கனக்கத்தான் செய்யும். அதை அவசரப்பட்டு வெறுப்பாக மாற்றினால் ஏழு வருஷத்தையும் சேர்த்தல்லவா எறிய வேண்டி வரும்? அங்கே படித்த தொழில், பழகிய சிநேகிதம், முதற்சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கிய சேலை, இதெல்லாம் உம்முடையது.

கடிதம் கட்டாயம் எழுதும், ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் வரைக்கும் வைத்திருக்காதேயும். இப்படியான இடங்களில் சொன்ன நேரத்துக்கு முன்னமே ஈமெயிலைப் பூட்டிவிடுவார்கள், கதிரையில் இருக்கும்போதே கடவுச்சொல் வேலை செய்யாது, கேட்டால் கொழும்பில் இருந்து செய்தது என்பார்கள். புதன்கிழமையே அனுப்பும். அதற்கும் முன்னம் வேண்டியவர்களுடைய சொந்தப் போன் இலக்கங்களை எழுதி எடும். நீளமாக வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"வெள்ளிக்கிழமையோடு எனக்கு இங்கே வேலை முடிகிறது. ஆட்குறைப்பில் என் பெயரும் இருந்தது. ஏழு வருஷமும் எனக்கு நல்ல வருஷங்கள், அதற்குக் காரணமான ஆட்கள் யார் யார் என்று அவரவருக்குத் தெரியும். எனக்கு இப்போது வேலை வேண்டும், எங்காவது இடம் இருப்பதாகக் கேள்விப்பட்டால் சொல்லுங்கள். என் போன் இலக்கம் கீழே."

வேலை வேண்டும் என்ற வரியை வெட்கப்பட்டு வெட்டாதேயும், கடிதத்தில் பிரயோசனமான வரி அதுதான். ஆட்குறைப்பு என்ற சொல்லையும் மறைக்க வேண்டாம். "புதிய பயணம்" அது இது என்று பூசி எழுதினால் வாசிக்கிறவன் உமக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

ஹோட்டல் சாப்பாட்டுக்கு விருப்பம் இருந்தால் போம், போட்டோவுக்கு நிற்க விருப்பம் இல்லாவிட்டால் நிற்காதேயும். அந்தப் படம் அன்று பின்னேரமே கொம்பனியின் முகநூலில் "எங்கள் குடும்பம்" என்று ஏறும், அதில் சிரித்தபடி இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. உம்முடைய ஆட்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு இன்னொரு நாள் நல்லூரடியில் ஐஸ்கிறீம் குடிக்கப் போங்கள், அதுதான் உண்மையான பிரியாவிடை. போகும்போது காவலுக்கு நிற்கிற அண்ணைக்கும் கூட்டித் துடைக்கிற அக்காவுக்கும் தனியாகச் சொல்லிவிட்டுப் போம். ஏழு வருஷம் காலமை உம்முடைய முகத்தில் முழித்தது அவர்கள்தான், அவர்களுக்கு யாரும் ஈமெயில் போடுவதில்லை.

அம்மாவுக்கு என்ன சொல்வது? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. எட்டு மணிக்கு வெளிக்கிட்டுப் போகிற பிள்ளை பத்து மணிக்கு வீட்டில் நின்றால் பக்கத்து வீட்டுக்குத் தெரியத்தானே போகிறது. "வீட்டிலிருந்து வேலை" என்று அம்மா சொல்லத் தொடங்கினால் ஒவ்வொரு கலியாண வீட்டிலும் கோயில் வீதியிலும் நீர் அதைக் காவித் திரிய வேண்டும். அம்மாவின் பயம் சனத்தைப் பற்றியது இல்லை, உம்முடைய கலியாணத்தைப் பற்றியதாக இருக்கலாம், அதை அவவிடம் நேராகக் கேளும். அப்புறம் கனடாவில் இருந்து மாமா ஒருவர் கட்டாயம் எடுப்பார், விசிற்றர் விசாவில் வா, வந்து பார்ப்போம் என்பார். மனம் உடைந்திருக்கிற மாதத்தில் அந்த முடிவை எடுக்காதேயும், ஏஜென்சிக்காரனுக்கு ஒரு சதமும் கொடாதேயும்.

கேள்வி: அக்கா, வயது 29. ஆறு வருஷமாக ஒரு தொண்டு நிறுவனத்தின் களப் பணியாளன், மருதங்கேணிப் பக்கம் கருவாடு போடுகிற பெண்கள் குழுக்களுக்குக் கணக்கு எழுதப் பழக்கினேன். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்துகிறோம் என்று சொன்னதோடு எங்கள் திட்டம் நின்றது, பிறகு தொடங்கவே இல்லை. வருஷா வருஷம் புது ஒப்பந்தம் என்பதால் பணிக்கொடை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இவ்வளவு நாளும் கிடைத்த சின்னச் சின்ன வேலைகளோடு ஓடுகிறது. அந்த அம்மாக்களிடம் நான் போய்ச் சொல்லிவிட்டு வரவே இல்லை, அது மனதை அரிக்கிறது. கலியாணப் பேச்சு ஒன்றும் நடக்கிறது, தரகர் இன்னும் "என்.ஜீ.ஓ. வேலை" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். (பருத்தித்துறை வாசகர்)

பதில்: தம்பி, ஒப்பந்தம் என்ற ஒரு சொல்லைச் சொல்லி வாயால் அனுப்பிவிட்டார்கள். ஆறு ஒப்பந்தத்தையும் எடுத்துத் திகதி வாரியாக அடுக்கும், நடுவில் இடைவெளி இருந்ததா என்று பாரும், இடைவெளி இல்லாமல் ஒரே வேலையைத்தான் செய்தீர் என்றால் தொழில் அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டிக் கேளும். தொழில் அலுவலகம் இல்லை என்று சொன்னால் அது வேறு, உம்மை வேலைக்கு வைத்தவரே தீர்ப்பும் சொல்ல முடியாது.

மருதங்கேணிக்குப் போம். இந்த ஞாயிற்றுக்கிழமையே போம். திட்டம் நின்றபோது எல்லாப் பக்கத்திலும் இதுதான் நடந்தது, மேலே இருந்து கீழே வரைக்கும் கடிதம் வந்தது, கடைசியில் அந்தக் கடற்கரையில் பாய் விரித்துக் காத்திருந்த சனத்துக்கு மட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி வருத்தமாக்கும், தம்பி வெளிநாடு போயிட்டானாக்கும் என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் தாங்கள் ஏதோ பிழை விட்டோம் என்று நினைத்திருப்பார்கள், இந்த இரண்டாவது இன்னும் மோசம். நிறுவனத்தின் பெயரில் கூட்டம் வைக்கத்தான் உமக்கு உரிமை இல்லை, உம்முடைய மோட்டார் சைக்கிளில் போய்ப் பழகின வீட்டில் தேத்தண்ணி குடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. காசு நின்றதற்குக் காரணம் அமெரிக்காவில் எடுத்த முடிவு, உங்களுடைய கணக்கில் பிழை இல்லை என்று அந்த வார்த்தையிலேயே சொல்லும். குழுவின் கொப்பி, பற்றுச்சீட்டு ஏதும் உம்மிடம் கிடந்தால் திருப்பிக் கொடும். திரும்பத் தொடங்கும் என்று மட்டும் வாக்குக் கொடாதேயும். பிரதேச செயலகத்தில் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரைத் தெரிந்தால் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்தி விடும், உமக்கு அது ஒரு நாள், அவர்களுக்கு அது பெரிய உதவி.

கலியாண விஷயம் சுருக்கம். பொன்னுருக்குக்கு நாள் பார்க்கிற வரைக்கும் இழுக்காமல் பெண்ணின் தகப்பனிடம் நீரே சொல்லும், தரகரை நம்பி விடாதேயும். பேச்சு முறிந்தால் முறியட்டும். பிறகு தெரிந்தால் முறியப்போவது கலியாணம்.

கேள்வி: நான் போகவில்லை, மிஞ்சியவன். எங்கள் பிரிவில் ஐந்து பேரை வேலையால் நிறுத்தினார்கள், பக்கத்து மேசைக்காரரும் போனார், பத்து வருஷப் பழக்கம். போன் எடுக்க விரல் போகுது, என்ன கதைப்பது என்று தெரியாமல் வைத்துவிடுகிறேன். எனக்கு 44 வயது. (மானிப்பாய் வாசகர்)

பதில்: எடுங்கள். என்ன கதைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தால் வருஷம் போய்விடும், அவர் உங்களைத் தன்னை மறந்துவிட்டவர்கள் கூட்டத்தில் சேர்த்துவிடுவார். "உன்ர கதிரையைப் பார்க்கேலாமல் கிடக்கு" என்று சொன்னால் போதும். அதற்குப் பிறகு உங்களுடைய குற்ற உணர்வை அவரிடம் கொட்டாதீர்கள், என்னை ஏன் விட்டார்கள் என்று தெரியவில்லை என்று நீங்கள் அழ, அவர் உங்களைத் தேற்ற வேண்டி வரும், வேலை போனது அவருக்கு. ஒபிஸ் புதினமும் அளவோடு. அதை விட, அவருடைய சுயவிபரக்கோவையை வாங்கி உங்களுக்குத் தெரிந்த இரண்டு இடத்துக்கு நீங்களே பேசி அனுப்புங்கள், "ஏதும் உதவி வேண்டுமென்றால் சொல்லு" என்று சொல்லிவிட்டு இருப்பதில் ஒரு பயனும் இல்லை, வேலை போனவன் வாய் திறந்து கேட்கமாட்டான். அவருடைய வேலையையும் சேர்த்து உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதைப் பற்றி மேலிடத்தில் கதையுங்கள், அவரிடம் வேண்டாம்.

கேள்வி: அடுத்த கிழமை லப்டொப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில் நான் செய்த வேலைகளின் பிரதியை எடுத்து வைக்கலாமா? நான் செய்ததுதானே? (சாவகச்சேரி வாசகர்)

பதில்: நீர் செய்தது, ஆனால் அவர்களுக்காகச் செய்தது. வாடிக்கையாளர் விபரம், நிரல், உள் ஆவணம் ஒன்றையும் தொடாதேயும், பணிக்கொடைக் காசு வர இருக்கிற நேரத்தில் அவர்கள் கையில் ஒரு காரணத்தைக் கொடுப்பது விசர் வேலை. சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதங்கள், பாராட்டி வந்த கடிதம், உம்முடைய சொந்தப் படங்கள், இவற்றை இன்றைக்கே எடும். சொந்த ஈமெயில், வங்கிக் கணக்கு எல்லாவற்றில் இருந்தும் வெளியேறிவிட்டுக் கொடும். கொடுக்கும்போது தொடர் இலக்கம் போட்டுப் பற்றுச்சீட்டு வாங்கும், சார்ஜரையும் அதில் எழுதச் சொல்லும், சார்ஜர் வரவில்லை என்று கடைசிச் சம்பளத்தில் வெட்டிய இடங்களும் இருக்கின்றன.